பூ முகரும் காளை: படப் புத்தகங்களில் வேறுபட்ட குழந்தையின் இடம்

1946 டிசம்பர். போர் முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியும் பெர்லினின் பல தெருக்கள் இடிபாடாகவே கிடந்தன. ரொட்டிக்கு வரிசை, நிலக்கரிக்கு வரிசை. அந்தக் குளிரில் நகரத்துக்கு ஒரு கண்காட்சி வந்து சேர்ந்தது. நேற்றுவரை ஜெர்மனியோடு போரிட்ட நாடுகள் உள்ளிட்ட பல நாடுகள் நன்கொடையாக அனுப்பிய சிறார் நூல்கள் அதில் இருந்தன. பார்க்க வரும் குழந்தைகள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்று அதை நடத்திய ஜெல்லா லெப்மான் நினைத்தார். ஓர் அமெரிக்கப் படப் புத்தகத்தைத் தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, செய்தித்தாள் அச்சிடும் காகிதத்தில் 30,000 படிகள் அடிக்கச் செய்து இலவசமாகக் கொடுத்தார். மன்ரோ லீஃப் எழுதி ராபர்ட் லாசன் படம் வரைந்த 'ஃபெர்டினாண்டின் கதை' என்ற புத்தகம் அது.

லெப்மான் 1891இல் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்த யூதர், பத்திரிகையாளர். ஹிட்லர் ஆட்சியில் இரு குழந்தைகளோடு இங்கிலாந்துக்குத் தப்பிப் போனவர், 1945இல் அமெரிக்க ராணுவத்தின் ஆலோசகராக, பெண்கள் குழந்தைகள் நலத்தைக் கவனிக்கத் தாய்நாடு திரும்பினார். குழந்தைகளுக்குச் சோறு இல்லாத ஊரில் புத்தகம் எதற்கு என்ற கேள்வியை அவர் கேட்காமலில்லை. சோறும் வேண்டும், புத்தகமும் வேண்டும் என்பதே அவர் பதில். நாடு நாடாகக் கடிதம் எழுதினார். ஜெர்மானியப் படைகளால் இருமுறை மிதிக்கப்பட்ட பெல்ஜியம் முதலில் மறுத்தது. லெப்மான் மறுபடியும் எழுதினார், புத்தகங்கள் வந்தன. 1946 ஜூலையில் மியூனிக்கில் கண்காட்சி திறந்தபோது, அது நடந்த இடம் ஹிட்லர் தன் ஆட்சிக்குப் பிடித்த ஓவியங்களைக் காட்டுவதற்கென்று கட்டிய கலை மாளிகை. அதே நகரில் 1949இல் அவர் தொடங்கிய சர்வதேச இளையோர் நூலகம் இன்றும் இயங்குகிறது.

உலகத்துப் புத்தகங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் அவர் கை ஏன் இந்தக் காளையின் பக்கம் போனது?

கதை எளிது. ஸ்பெயினில் ஒரு காளைக்கன்று. மற்ற கன்றுகள் முட்டி மோதித் துள்ளும்போது இது மட்டும் தக்கை மரத்தடியில் தனியே உட்கார்ந்து பூ முகர்ந்துகொண்டிருக்கும். தாய்ப்பசுவுக்குக் கவலை. பிள்ளை தனிமையில் வாடவில்லை, அங்கே மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்ததும் அதன் போக்கில் விட்டுவிடுகிறது. கன்று பெருங்காளையாகிறது. மாட்ரிட் காளைச் சண்டைக்கு மாடு தேடி ஐந்து பேர் வரும் நாளில், ஃபெர்டினாண்ட் பார்க்காமல் ஒரு தேனீயின்மேல் உட்கார்ந்துவிடுகிறது. கொட்டிய வலியில் அது துள்ளிக் குதிப்பதைப் பார்த்து, இதுவல்லவா காளை என்று பிடித்துப் போகிறார்கள். அரங்கத்தில் பெண்கள் தலையில் சூடிய பூவின் மணம் வருகிறது. காளை நட்டநடுவில் உட்கார்ந்து முகர ஆரம்பித்துவிடுகிறது. எவ்வளவு சீண்டியும் எழவில்லை. கடைசியில் பழைய மேய்ச்சல் நிலத்திலேயே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். அது மறுபடி மரத்தடிக்குப் போகிறது. அவ்வளவுதான்.

இந்தப் புத்தகம் வெளிவந்தது 1936 செப்டம்பரில். இரண்டு மாதம் முன்புதான் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்திருந்தது. ஸ்பெயின் நாட்டுக் காளை ஒன்று சண்டையிட மறுக்கிறது என்றால் அதில் அரசியல் இல்லாமலா இருக்கும் என்று பெரியவர்கள் துருவினார்கள். கம்யூனிசப் பிரசாரம் என்றார்கள் சிலர்; பாசிசம் என்றார்கள் வேறு சிலர்; போர் எதிர்ப்பு என்பது மூன்றாவது கட்சி. பிராங்கோவின் ஸ்பெயின் அதைத் தடை செய்தது. நாஜி ஜெர்மனியிலும் அதற்கு இடமில்லை. 1938இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த குறும்படம் ஆஸ்கர் வாங்கியது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவில் லாசனின் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள் அமைதியாகத் தங்கள் வேலையைச் செய்தன. மரப்பட்டையிலிருந்து உரித்தெடுக்கும் தக்கையை, புட்டி மூடிகளாகவே கிளையில் கொத்துக் கொத்தாகக் காய்க்க விட்டிருக்கிறார். கதையில் ஒரு சொல்லும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. கண்டுபிடிக்கிற குழந்தைக்கே அந்தச் சிரிப்பு சொந்தம்.

லெப்மானின் தேர்வுக்கு என் ஊகம் இது. அந்தப் பெர்லின் குழந்தைகளின் அண்ணன்களும் அக்காக்களும் சீருடையில், அணிவகுப்பில், கட்டாய இளைஞர் படையில் வளர்ந்தவர்கள். எல்லோரும் ஒரே திசையில் நடப்பதே நல்லொழுக்கம் என்று கற்பிக்கப்பட்டவர்கள். அந்த வீடுகளுக்குள், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ மறுக்கும் ஒரு காளையை அனுப்பிவைப்பதைவிடப் பொருத்தமான பரிசு வேறென்ன?

இந்தக் காளையிடம் இன்னொன்றும் இருக்கிறது. வேறுபாட்டைக் கொண்டாடுவதாகச் சொல்லிக்கொள்ளும் எந்தப் படப் புத்தகத்தையும் நான் இதை வைத்தே அளக்கிறேன்: ஃபெர்டினாண்டால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அது யாரையும் காப்பாற்றவில்லை. அதன் பூ முகரும் பழக்கம் ஆபத்து நேரத்தில் கைகொடுத்து, கேலி செய்தவர்களை வெட்கப்பட வைக்கவில்லை. அது அப்படி இருந்தது, அப்படியே இருக்க விடப்பட்டது.

இதன் நேரெதிர் துருவத்தில் நிற்பது சிவப்பு மூக்கு மான் ருடால்ஃப். 1939இல் மான்ட்கோமெரி வார்ட் என்ற அமெரிக்கப் பல்பொருள் அங்காடி, கிறிஸ்துமஸுக்கு வரும் வாடிக்கையாளர்களின் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க ஒரு கதைப் புத்தகம் கேட்டது. அங்கே விளம்பர எழுத்தராக இருந்த ராபர்ட் மே எழுதிக் கொடுத்தார். அந்த ஓர் ஆண்டிலேயே சுமார் 24 லட்சம் படிகள் போயின; பத்து ஆண்டு கழித்து வந்த பாட்டு அதை உலகமெங்கும் கொண்டுபோனது. மூக்கு சிவப்பாக ஒளிர்வதால் மற்ற மான்கள் கேலி செய்கின்றன, ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. பனிமூட்டம் சூழ்ந்த ஓர் இரவில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டிக்கு விளக்கு தேவைப்படுகிறது. ருடால்ஃபின் மூக்கு வழி காட்டுகிறது. அதன்பின் எல்லோருக்கும் ருடால்ஃபைப் பிடித்துப்போகிறது. வானம் தெளிவாக இருந்திருந்தால்? ருடால்ஃப் இன்னும் ஓரத்தில்தான் நின்றிருக்கும். கேலி செய்தவர்கள் மாறவில்லை, தேவை மாறியது.

இந்த அச்சு பழையது. 1843இல் ஆண்டர்சன் எழுதிய அழகற்ற வாத்துக்குஞ்சின் கதையிலும் குஞ்சு ஏற்கப்படுவது அது உண்மையில் அன்னம் என்று தெரிந்த பிறகுதான். அது வாத்தாகவே, கொஞ்சம் கோணலாகவே வளர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதை யோசிப்பதில்லை. 1992இல் சுவிஸ் ஓவியர் மார்க்குஸ் ஃபிஸ்டர் உருவாக்கிய வானவில் மீன் கோடிக்கணக்கில் விற்றது; பக்கத்தைத் திருப்பினால் செதில்கள் நிஜமாகவே பளபளக்கும். தன் அழகிய செதில்களை ஒவ்வொன்றாகப் பிய்த்து மற்ற மீன்களுக்குக் கொடுத்த பிறகே அதற்கு நண்பர்கள் கிடைக்கிறார்கள். பகிர்ந்துகொள்ளும் பண்பைச் சொல்லும் கதை என்று ஆசிரியர்கள் இதை விரும்பி வாசிக்கிறார்கள். எனக்கு அந்தக் கடைசிப் பக்கம் உறுத்துகிறது. செதில் என்பது கையில் வைத்திருக்கும் மிட்டாய் இல்லை, உடம்பின் பகுதி. எல்லோரிடமும் ஆளுக்கொரு செதில் மின்ன, அந்த மீன் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலாகிவிடுவதைத்தான் புத்தகம் மகிழ்ச்சி என்று காட்டுகிறது.

தமிழில் வளர்ந்த நமக்கு இந்த வகைக் கதை உடனே பிடிபட ஒரு காரணம் உண்டு. சிறுவர் கதை என்றால் கடைசியில் ஒரு நீதி இருக்க வேண்டும் என்று பழகியிருக்கிறோம். பாடநூல் கதைக்குக் கீழே தனி வரியாக அது அச்சாகியிருக்கும். அச்சாகாத இடத்தில் வாசித்துக் காட்டுகிறவர் கேட்டு வாங்குவார். ருடால்ஃபிடமிருந்தும் வானவில் மீனிடமிருந்தும் நீதியை எளிதாகக் கறந்துவிடலாம். ஃபெர்டினாண்டிடம் எதைக் கேட்பது?

பஞ்சதந்திரத்து நீல நரியை எடுத்துக்கொள்வோம். சாயத் தொட்டியில் விழுந்து நீலமான நரியைக் கண்டு காடே அஞ்சுகிறது. அது அரசனாகிறது. ஒருநாள் தூரத்தில் நரிகள் ஊளையிடுவதைக் கேட்டு, தன்னை மறந்து தானும் ஊளையிட்டு மாட்டிக்கொண்டு உயிரை விடுகிறது. நிறம் மாறிய விலங்கு இங்கே ஏமாற்றுக்காரன். பிறந்த கூட்டத்தை மறந்தால் இதுதான் கதி என்பது பாடம். 1968இல் ஆங்கில ஓவியர் டேவிட் மெக்கீ வெளியிட்ட எல்மர் என்ற யானையின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். எல்மரின் உடம்பு பல வண்ணக் கட்டங்கள் ஒட்டிய துணி போன்றது. சாம்பல் நிற யானைகள் நடுவில் அது தனியாகத் தெரியும். ஓர் இரவு அதற்குத் தன் நிறம் அலுத்துப்போகிறது. விடியற்காலையில் புறப்பட்டுப் போய், ஒரு செடியின் பழங்களை உலுக்கிவிட்டு அதில் புரண்டு சாம்பல் நிறமாகித் திரும்புகிறது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எல்லா யானைகளும் அசையாமல், இறுக்கமாக நிற்கின்றன. எல்மரால் அடக்க முடியவில்லை. பெரிதாக ஒரு கூச்சல் போடுகிறது. அந்தச் சேட்டையைச் செய்ய எல்மரைவிட்டால் யார் இருக்கிறார்கள்? எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. மழை வந்து சாயம் கரைகிறது.

இரண்டு கதையிலும் சாயம், இரண்டிலும் அடக்க முடியாமல் வெளிவந்து காட்டிக்கொடுக்கும் குரல். நரியின் குரல் அதைக் கொல்கிறது. யானையின் குரல் அதைக் கூட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எல்மரை யாரும் ஒதுக்கவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உறுத்தல் அதன் மனசுக்குள்தான் இருந்தது. மெக்கீயின் மனைவி ஆங்கிலோ-இந்தியர். தெருவில் தங்கள் மகளை நோக்கி வீசப்பட்ட ஓர் இனவெறிச் சொல் எல்மருக்குப் பின்னால் இருந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் புத்தகத்தில் அந்த வசவு இல்லை. அதற்குப் பதில், ஆண்டுக்கு ஒருநாள் எல்லா யானைகளும் வண்ணம் பூசிக்கொள்ளும் ஊர்வலம் இருக்கிறது. அன்றைக்கு எல்மர் மட்டும் சாம்பல் நிறம்.

இந்த இரு துருவங்களுக்கும் நடுவில், இருபதாம் நூற்றாண்டின் மிக நுட்பமான படப் புத்தகக்காரர்களில் ஒருவரான லியோ லியோனி நிற்கிறார். 1910இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து இத்தாலியில் வாழ்ந்து, பாசிசம் இறுகியபோது அமெரிக்கா சென்று, 'ஃபார்ச்சூன்' இதழின் கலை இயக்குநராக இருந்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில், ரயிலில் பேரக்குழந்தைகளின் சேட்டையைச் சமாளிக்க, கையிலிருந்த 'லைஃப்' இதழிலிருந்து நீலம், மஞ்சள் வட்டங்களைக் கிழித்து ஒரு கதை சொன்னார். அது 1959இல் 'சின்ன நீலமும் சின்ன மஞ்சளும்' ஆனது. இரண்டு நண்பர்கள் கட்டிக்கொள்ள இருவரும் பச்சையாகிறார்கள். சொந்த வீட்டிலேயே பெற்றோருக்கு அடையாளம் தெரியவில்லை. கண், மூக்கு, கை, கால் எதுவும் வரையாமல், கிழிந்த காகிதத் துண்டுகளைக் கொண்டே இதைச் சொல்லிவிட்டார். 2015இல் வெனிஸ் நகர மேயர் லூயிஜி புருன்யாரோ, மழலையர் பள்ளிகளிலிருந்து 49 புத்தகங்களை அகற்ற உத்தரவிட்டபோது அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது. குடும்பம், பாலினம் பற்றிக் குழந்தைகளைக் குழப்பும் நூல்கள் என்பது குற்றச்சாட்டு. இருநூறுக்கும் மேற்பட்ட இத்தாலிய எழுத்தாளர்கள், எங்கள் புத்தகங்களையும் எடுத்துவிடுங்கள், அந்த வரிசையில் நாங்களும் இருக்கிறோம் என்று எழுதினார்கள். பின்னர் பெரும்பாலான நூல்கள் திரும்பின. இரண்டு காகித வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிவதைக் கண்டு ஓர் ஆட்சி அஞ்சியது என்றால், அந்தக் காகிதத்தின் வலிமையை வேறெப்படி அளப்பது?

லியோனியின் 'ஃபிரெடரிக்' (1967) எனக்கு மிகவும் பிடித்த புத்தகம். என் அளவுகோலுக்கு மிகவும் சிக்கல் தருவதும் அதுதான். எலிகள் குளிர்காலத்துக்குச் சோளமும் வைக்கோலும் சேர்க்கின்றன. ஃபிரெடரிக் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் வெயிலைச் சேர்ப்பதாக, நிறங்களைச் சேர்ப்பதாக, சொற்களைச் சேர்ப்பதாகச் சொல்கிறது. எறும்பும் வெட்டுக்கிளியும் கதையை அறிந்த குழந்தை அடுத்து என்ன நடக்கும் என்று எண்ணுமோ அது நடப்பதில்லை. தானியம் தீர்ந்து பேச்சும் அற்றுப்போன நாளில், ஃபிரெடரிக் சொல்லச் சொல்ல எலிகளுக்குச் சூடு பரவுகிறது, நிறம் தெரிகிறது. ஈசாப்பின் தீர்ப்பு தலைகீழாகிவிட்டது. ஆனால் கடைசியில் ஃபிரெடரிக்கும் தன் பயனைக் காட்டித்தானே கைத்தட்டல் வாங்குகிறது? இந்த முரணை லியோனி உணர்ந்தே செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ருடால்ஃபின் கூட்டம் போல இந்த எலிகள் யாரையும் விரட்டவில்லை. வேலை செய்யாத நாட்களிலும் ஃபிரெடரிக்குக்கு அந்தக் கல்சுவரில் இடம் இருந்தது, பங்கும் இருந்தது. கவிதை கேட்கப்பட்டது அதன் பிறகுதான். இடம் முதலிலா, பயன் முதலிலா என்பதில்தான் இரு கதைகளும் பிரிகின்றன.

கற்பனையைப் பற்றிய புத்தகங்களிலும் இதே கேள்வி ஒளிந்திருக்கிறது. மாரிஸ் சென்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' 1963இல் வந்தது. மறு ஆண்டு, படப் புத்தகங்களுக்கான அமெரிக்க விருதான கால்டெகாட் பதக்கம் பெற்றது. ஓநாய் உடை போட்டுக்கொண்டு வீட்டை இரண்டாக்கும் மாக்ஸை அம்மா அதட்டுகிறார். பதிலுக்கு அவன் கடித்துத் தின்றுவிடுவதாக மிரட்ட, இரவுச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்படுகிறான். அறையில் காடு முளைக்கிறது, கடல் வருகிறது, படகேறிப் போய்ப் பூதங்களுக்கு அரசனாகிறான்.

முழுப் புத்தகத்திலும் 338 சொற்கள்தான். மிச்சத்தைப் பக்கத்தின் வெள்ளை சொல்கிறது. தொடக்கத்தில் படம் சிறியது. சுற்றிலும் அகலமான வெற்று விளிம்பு, கூண்டில் அடைத்தது போல. காடு வளர வளரப் படமும் வளர்ந்து விளிம்பைத் தின்கிறது, பக்கத்தை நிறைக்கிறது, எதிர்ப்பக்கத்துக்குள் நுழைகிறது. பூதங்களோடு ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது மூன்று இரட்டைப் பக்கங்களில் எழுத்தே இல்லை. இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை, வாசித்துக் காட்டும் பெரியவருக்குச் சமமாக, ஏன் ஒரு படி மேலாக நிற்கும் இடம் அது. படிப்பதற்கு ஒன்றுமில்லை, பார்ப்பதற்கு எல்லாம் இருக்கிறது. மாக்ஸ் அறைக்குத் திரும்பும்போது படம் ஒரு பக்கத்துக்குள் அடங்கினாலும் முதலில் இருந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. சன்னலில் புறப்பட்டபோது பிறையாக இருந்த நிலா இப்போது முழுநிலா.

அறையில் சாப்பாடு காத்திருக்கிறது, சூடு ஆறாமல். இங்கே எது இல்லை என்று பாருங்கள். மாக்ஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேல் சமர்த்தாக இருப்பேன் என்று சத்தியம் செய்யவில்லை. சாப்பாட்டை அவன் சம்பாதிக்கவில்லை, அது வைக்கப்பட்டிருந்தது. புரூனோ பெட்டல்ஹைம் என்ற புகழ்பெற்ற உளவியலாளர் 1969இல் ஒரு மகளிர் இதழில் இந்தப் புத்தகத்தைக் கண்டித்தார். தாய் உணவை மறுப்பது குழந்தையின் ஆழ்ந்த அச்சத்தைக் கிளறும் என்றார். புத்தகத்தை அவர் படித்திருக்கவில்லை, தாய்மார்கள் சொல்லக் கேட்டே எழுதினார். கடைசிப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் அந்தச் சூடான சாப்பாட்டைப் பார்த்திருப்பார். சென்டாக்கின் பூதங்களோ, புரூக்ளின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சிய யூத உறவினர்களின் சாயலில் பிறந்தவை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட சொந்தங்கள் பலரை நாஜிகளின் இனப்படுகொலை விழுங்கியிருந்தது. 1970இல் அவர் வரைந்த இன்னொரு புத்தகத்தில் ஒரு சிறுவன் உடையில்லாமல் மாவுப் பிசைவில் நீந்துகிறான் என்பதற்காகச் சில நூலகங்களில் அவனுக்குக் கோமணம் தீட்டிவிட்டார்கள்.

சென்டாக்குக்கு எட்டு ஆண்டு முன்னால், க்ரோக்கெட் ஜான்சன் 'ஹெரால்டும் ஊதா கிரேயானும்' (1955) செய்தார். இதில் வீடும் இல்லை, பெரியவர்களும் இல்லை, காகிதத்தின் வெறுமை மட்டும். நடக்க நிலா வேண்டுமென்று ஹெரால்ட் நிலாவை வரைகிறான். பாதை வரைந்து அதில் நடக்கிறான். கை நடுங்கியதில் கடல் வந்துவிட, உடனே படகு வரைந்து ஏறிக்கொள்கிறான். வீட்டுக்கு வழி தெரியாமல் தவிக்கும்போது, தன் அறைச் சன்னலில் எப்போதும் நிலா தெரியும் என்பது நினைவுக்கு வர, நிலாவைச் சுற்றிச் சன்னலை வரைந்துவிடுகிறான். இடதுசாரிப் பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டவர் என்பதால் அமெரிக்கப் புலனாய்வுத் துறை ஜான்சனைக் கண்காணித்த காலம் அது. உலகத்தை ஒரு குழந்தை தன் கையால் வரைந்துகொள்ளலாம் என்று சொன்ன புத்தகம் அந்தச் சூழலிலிருந்து வந்தது என்பதை நான் மறப்பதில்லை.

மாக்ஸும் ஹெரால்டும் அமெரிக்க நூலக அலமாரியில் இடம் பிடித்தார்கள். எல்லாக் குழந்தைக்கும் அது வாய்க்கவில்லை. 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர், 1962 முதல் மூன்று ஆண்டுகளில் வெளியான 5,206 சிறார் நூல்களை ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது எழுத்திலோ படத்திலோ தலைகாட்டியவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. அந்தச் சிலவற்றில் ஒன்றுதான் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'பனி பெய்த நாள்' (1962). பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் சிவப்பு அங்கி மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். பனியில் கால்தடம் பதிக்கிறான், குச்சியால் கோடு இழுக்கிறான், ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்துகிறான், அது உருகிப்போகிறது. போலந்திலிருந்து குடியேறிய யூதப் பெற்றோரின் மகனான கீட்ஸ், 1940இல் ஒரு பத்திரிகையில் வந்த ஒரு சிறுவனின் புகைப்படங்களை வெட்டி வைத்து இருபது ஆண்டுக்கு மேல் பாதுகாத்திருந்தார். அழிரப்பரில் செதுக்கிய அச்சால் பனிப்பூக்கள், பல் துலக்கும் பிரஷ்ஷால் தெறித்த மை, அலமாரியில் விரிக்கும் எண்ணெய்த் துணியில் வெட்டிய அம்மாவின் உடை என்று புதிதாக ஒரு படமொழியை இதற்காகக் கண்டடைந்தார்.

நூல் கால்டெகாட் பதக்கம் பெற்றது, விமர்சனமும் பெற்றது. பீட்டரின் நிறத்தைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்கூட இல்லையே என்றார் லாரிக். உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த மனத்தாங்கல் நியாயமானதே. இருந்தாலும் இந்த இடத்தில் நான் கீட்ஸின் பக்கம். கறுப்பினக் குழந்தை புத்தகத்துக்குள் வர வேண்டுமானால் ஒரு துயரத்தைச் சுமந்து வர வேண்டும், அல்லது ஒரு வீரச் செயலைச் செய்து காட்ட வேண்டும் என்றிருந்த வழக்கத்தை பீட்டர் உடைத்தான். பனி பெய்தது, விளையாடினான். இதற்கு மேல் அவன் எதையும் நிரூபிக்கவில்லை. பின்னாளில் நியூயார்க் பொது நூலகம் தன் வரலாற்றில் மிக அதிகமாக இரவல் எடுக்கப்பட்ட நூல் எது என்று கணக்கிட்டபோது முதலிடத்தில் வந்தது இதுதான்.

1990இல் ருடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர், புத்தகம் சில குழந்தைகளுக்குக் கண்ணாடி, சில குழந்தைகளுக்குச் சன்னல் என்று எழுதியது இன்று இத்துறையில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அதில் அடிக்கடி விட்டுப்போகும் பாதி, எப்போதும் கண்ணாடியே பார்த்துப் பழகிய குழந்தைக்கும் அது கேடு என்பது. சென்னையின் தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்ட 'லண்டன் ஜங்கிள் புக்' இந்தக் கண்ணாடியையும் சன்னலையும் இடம் மாற்றி வைத்தது. மத்தியப் பிரதேசத்தின் பாடன்கட் கிராமத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம், ஓர் உணவகத்தின் சுவரில் படம் தீட்ட லண்டன் போனார். திரும்பி வந்து தான் கண்டதை வரைந்தார். விமானம் அவருக்குச் சிறகு முளைத்த யானை. பாதாள ரயில் மண்ணுக்குள் ஊரும் புழு. வழி தவறாமல் கொண்டுசேர்த்த 30ஆம் எண் பேருந்து விசுவாசமுள்ள நாய். பிக் பென் கடிகாரம் பொழுதறிவிக்கும் சேவலின் கண். மாலையானால் மதுக்கூடங்களை மொய்க்கும் ஆங்கிலேயர்கள் வௌவால்கள். கிப்ளிங் 'ஜங்கிள் புக்'கில் இந்தியக் காட்டை எழுதி நூறு ஆண்டு கழித்து, காட்டைச் சேர்ந்தவர் கிப்ளிங்கின் ஊரைக் காடாக்கிவிட்டார். பழங்குடி மனிதர் வேடிக்கைப் பொருளாகத் தோன்றும் புத்தகங்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இதில் பார்க்கும் உரிமை அவர் கையில் இருக்கிறது. வேறுபாட்டையும் கற்பனையையும் இரண்டாகப் பிரிக்க முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இதுவே: வேறுபட்டவர் என்பவர் முதலில் வேறாகப் பார்ப்பவர்.

அதே சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம், ஒரே படப் புத்தகத்தைத் தமிழ், இந்தி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், வங்காளம் என்று பல மொழிகளில் கொண்டுவருகிறது. அதன் பட்டியலில் உள்ள மூன்று புத்தகங்களை வைத்துக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

கனக் ஷஷி எழுதி வரைந்த குட்லியின் கதை முதலாவது. குட்லிக்குப் படம் வரையப் பிடிக்கும், தன்னைத் தேவதையாக வரையப் பிடிக்கும், அக்காவின் கவுனைப் போட்டுக்கொள்ளப் பிடிக்கும். நீ பையன், கழற்று என்கிறது வீடு. பெண்ணாகத்தான் என்னை உணர்கிறேன் என்பதை அந்தக் குழந்தை தன் சொற்களில் சொல்லிப் பார்க்கிறது, பிறகு சொல்வதை நிறுத்தி வாடிப்போகிறது. பிள்ளையின் வாட்டத்தைப் பொறுக்காத அம்மா ஒருநாள் கவுனை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். பால்புதுமை பற்றிய பாடம் எடுக்க வாய்ப்பிருந்த இடத்தில் புத்தகம் ஒரு தாயின் கையை மட்டும் காட்டுகிறது. குட்லி பரிசு வாங்கவில்லை, யாரையும் ஆற்றிலிருந்து காப்பாற்றவில்லை. வாடிய பிள்ளை மலர்ந்தது என்பதே போதுமான காரணம். ஃபெர்டினாண்டின் தாய்ப்பசுவுக்கும் அது போதுமானதாக இருந்தது.

மற்ற இரண்டும் உடல் மாறுபாடுள்ள குழந்தைகளைப் பற்றியவை. ஜை விட்டேக்கர் எழுதி நிலூஃபர் வாடியா வரைந்த 'கண்ணா பன்னா'வில் கண்ணாவுக்குப் பார்வை இல்லை. சித்தி குடும்பத்தோடு குகைக் கோயில் பார்க்கப் போகிறான். உள்ளே இருக்கும்போது விளக்கு அணைந்துவிடுகிறது. கண் தெரிந்தவர்கள் தடுமாற, இருட்டு பழகிய கண்ணா எல்லோரையும் கைபிடித்து வெளியே அழைத்து வருகிறான். அழகான புத்தகம். குகை இருட்டில் அவன் குரல் நிமிர்வதைக் கேட்கும் குழந்தைக்கு அந்தப் பெருமிதம் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ருடால்ஃபின் பனிமூட்டம் எனக்கு நினைவுக்கு வராமலில்லை. விளக்கு அணையாத நாளில் கண்ணா யார்?

தாரிணி விஸ்வநாத் எழுதி நான்சி ராஜ் வரைந்த 'கேட்ச் தட் கேட்'டில் டிப் டிப் சக்கர நாற்காலியில் போகும் பெண். வாலு என்று பெயரெடுத்தவள். தோழியின் பூனை காணாமல் போகிறது. தேடிக் கிளம்புகிறாள். பூனை மரத்தின்மேல் இருக்கிறது. டிப் டிப்பும் நாற்காலியை விட்டு இறங்கி மரத்தில் ஏறுகிறாள். அவளால் நடக்க முடியாதே என்று வாசகர் திடுக்கிடும்போது அவள் கிளையைப் பிடித்தாகிவிட்டது. கதை அவள் காலைப் பற்றி விளக்கம் சொல்ல நிற்பதில்லை. அதற்குப் பூனைதான் அவசரம். அவள் பூனையைத் தேடுவதும் உதவிதானே என்று கேட்கலாம். உதவிதான், ஆனால் அந்த உதவி அவள் உடற்குறையின் மறுபக்கமாக, அதற்கு ஈடாகக் காட்டப்படவில்லை. எந்தக் குறும்புக்காரப் பெண்ணும் செய்யக்கூடியதை அவள் செய்கிறாள், அவளுக்கு முடிந்த வழியில்.

கண்ணாவின் புத்தகம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பார்வையற்ற பிள்ளை ஒருவன் வழிகாட்டியாக நிற்கும் கதைகள் தமிழில் எத்தனை இருக்கின்றன? இருப்பதே சொற்பம். ஆனால் ஒரு பள்ளி நூலகத்தில் இரண்டில் ஒன்றை மட்டும் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், டிப் டிப்பின் புத்தகத்தைத்தான் வாங்கச் சொல்வேன். பிறகு கண்ணாவுக்கும் அந்த மாதிரி இன்னொரு கதை எழுதுங்கள் என்று எழுத்தாளர்களைக் கேட்பேன்: விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருக்கும் ஒரு சாதாரண சாயங்காலத்தில், கண்ணா சித்தி வீட்டில் சும்மா விளையாடிக்கொண்டிருக்கும் கதை.